சைலன்சரில் குளவிக்கூடு

அருகன் துணை

திருவண்ணாமலை
கார்த்திகை மாதம், ஞாயிறு காலை

அன்புள்ள மகள் மதுமிதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம், அங்கே டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளை அபிஷேக்கும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். புரட்டாசியில் அப்பாவுக்குப் புரை எடுத்தார்களே, அந்தக் கண் நன்றாக ஆறிவிட்டது. எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், உனக்கு இவ்வளவு நரைத்துவிட்டது என்று யாருமே எனக்குச் சொல்லவில்லையே என்று என்னிடமே குறைபட்டுக்கொண்டார். மழை இந்த வருஷம் பரவாயில்லை. கீழ்பென்னாத்தூர் நிலத்தில் கடலை பிடுங்கியாகிவிட்டது, காய் கொஞ்சம் கம்மிதான், ஆனால் பருப்பு கெட்டியாக இருக்கிறது. தீபத்துக்கு இன்னும் சில நாட்களே இருப்பதால் இப்போதே தெருவில் கால் வைக்க இடமில்லை, லாட்ஜ்காரர்கள் வாசலில் நின்று ஆள் பிடிக்கிறார்கள், ஆட்டோக்காரர்களைக் கேட்கவே வேண்டாம். உன் ஆபீசில் வேலை செய்கிற வேலூர்ப் பெண் லீவு முடிந்து கிளம்புகிறாள் என்றாயே, அவளிடம் கடலை உருண்டையும் பருப்புப்பொடியும் கொடுத்தனுப்புகிறேன். இந்தக் கடிதம் உருண்டை டப்பாவுக்கு அடியில் இருக்கும்.

தினமும் ஃபோனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஃபோன் என்றால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடு என்பார், நீ பஸ்ஸில் நின்றுகொண்டு சரிம்மா சரிம்மா என்பாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு என்ன சமையல் என்று கேட்டு வைத்துவிடுவேன். இது அப்படிச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. நம் மொபெட்டில் ஆரம்பித்து உன்னிடம் வந்து நிற்கிற விஷயம். சிரிக்காமல் படி, நான் தப்புச் செய்திருக்கிறேன், அப்பாவுக்கும் செய்திருக்கிறேன், உனக்கும் செய்திருக்கிறேன், அதை எழுதி முடித்தால்தான் எனக்குத் தொண்டையில் சோறு இறங்கும்.

அந்த வண்டிக்கு உன்னைவிட வயது ஜாஸ்தி என்பது உனக்குத் தெரியும். அப்பா ஈ.பி.யில் ஊர் ஊராகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்த காலத்தில் வாங்கியது, ரிடையர் ஆன பிறகு நிலத்துக்குப் போய்வர அதுதான். பெடலை மிதித்துத்தான் இன்னமும் ஸ்டார்ட் செய்ய வேண்டும், கியர் கிடையாது, ஆனால் ஒரு மூட்டை கடலையைக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்துவிடும். வேறு கை அதில் பட அப்பா விட்டதே இல்லை. தெருவில் போகிற அடுத்தவர் வண்டிச் சத்தத்தை உள்ளே பேப்பர் படித்தபடியே கேட்டு, செயின் தொங்குது, பிளக்குல கரி புடிச்சிருக்கு என்று ஜோசியம் சொல்வாரே, அந்தப் பெருமை அவருக்கு எப்போதும் உண்டு. ஆபரேஷனுக்குப் போவதற்கு முந்தின வாரம், ஒரு மாதம் வண்டி எடுக்கக் கூடாது, குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், எல்லா வேலையையும் முன்கூட்டியே முடித்து வைத்தார். சைலன்சரைக் கழற்றி உள்ளே இருந்த கரியையெல்லாம் நெருப்பில் சுட்டுச் சுரண்டி, கண்ணாடிபோல் துடைத்து மாட்டினார். பிறகு பக்கத்துச் சந்தில் நிறுத்திப் பழைய பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

அவர் கண்ணில் பச்சைத் துணியோடு படுத்திருந்த நாட்களில் ஒரு குளவி வர ஆரம்பித்தது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஈரமண் இருக்கிறதே, அங்கேயிருந்து வாயில் ஒரு மண் உருண்டையை வைத்துக்கொண்டு பறந்து பெட்ஷீட்டுக்குக் கீழே போகும், வெளியே வரும், மறுபடி போகும். பக்கத்து வீட்டு மணியம்மாள் கறிவேப்பிலை பறிக்க வந்தவள் இதைப் பார்த்துவிட்டுக் குனிந்து, சைலன்சர் வால்ல கூடு கட்டுதுக்கா என்றாள். நான் ஒரு குச்சியை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ கைய வெச்சுடாதக்கா, வூட்டுல குளவி கூடு கட்டுச்சுன்னா அந்த வூட்டுப் பொண்ணு முழுகாம இருப்பா. என் நாத்தனாருக்கு அப்படித்தான் ஆச்சு” என்றாள். நம் வீட்டில் யாரும் இதையெல்லாம் நம்புவதில்லை, அப்பா காதில் விழுந்தால் குளவி எந்த டாக்டர்கிட்ட படிச்சுது என்று கேட்பார். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு குச்சியைக் கீழே போட்டுவிட்டு, முட்டி வலியையும் பார்க்காமல் மண்டிபோட்டு அந்தக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தேன்.

போன தையில் நீ வந்திருந்தபோது சமையலறையில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னாய். “அம்மா, இனிமே இதப் பத்திப் பேச வேணாம்மா. டாக்டர், ஜோசியம், வேண்டுதல் எதுவும் வேணாம். சொல்றதுக்கு ஏதாவது இருந்தா நானே சொல்றேன்” என்றாய். உன் முகத்தைப் பார்த்து நான் சரி என்று வாக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட உன்னிடம் கேட்கவில்லை, அதில் எனக்கு உள்ளூர ஒரு கர்வமும் இருந்தது. இப்போது சொல்கிறேன், உன்னிடம் கேட்கவில்லையே தவிர தினமும் காலையில் பல் துலக்கிய கையோடு சந்துக்குப் போய் அந்தக் குளவியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். உன் பெயரைச் சொல்லி அந்தக் கூட்டுக்கு முன்னால் நின்றேன். கொடுத்த வாக்கை இப்படித்தான் காப்பாற்றினேன்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் சரி என்று சொன்ன மறுநாளே அப்பா பெட்ஷீட்டை உருவினார். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி, ஸ்டாண்டில் நிறுத்திப் பெடலை மிதித்தார். எடுத்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அடங்குவதற்குள் வண்டி முக்கி முனகி நின்றுவிட்டது. மறுபடி மிதித்தார், மறுபடி எடுத்து அதேபோல் நின்றது. சும்மா இருக்கும்போது கொஞ்சம் ஓடும், ஆக்சிலேட்டரைத் திருகினால் அடைத்துக்கொண்டு நின்றுவிடும். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவர் ஸ்க்ரூ டிரைவரை விட்டுக் குத்தி எடுத்துவிடுவாரே என்று விழுங்கிவிட்டேன். இன்னும் கொஞ்ச நாளில் குஞ்சு பொரித்துப் பறந்துவிடும், பிறகு நானே சொல்லிக்கொள்ளலாம் என்று மனதுக்குச் சமாதானம் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டைச் சொல்கிறேன் கேள். முதலில், நின்ற பெட்ரோல் கெட்டுப்போயிருக்கும் என்று மொத்தத்தையும் வடித்துவிட்டு, டேங்க் குழாயின் சல்லடையைக் கழுவிப் புது பெட்ரோல் ஊற்றினார். அதுவும் உதவவில்லை. பிளக்கைக் கழற்றினார், ஈரமாகக் கறுப்பாக இருந்தது, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வெயிலில் காயவைத்து, இன்ஜின்மேல் வைத்துப் பெடலைச் சுற்றி எனக்குக் காட்டினார், நீலமாகப் பொறி வந்தது. கரன்ட் நல்லா இருக்கு கனகா என்றார். பிறகு கார்பரேட்டரைப் பிரித்து ஒவ்வொரு துளையையும் ஊதினார். அதிலும் குறை இல்லை. பிளக் இருந்த ஓட்டையில் கட்டை விரலை வைத்து அழுத்தம் பார்த்தார், விரலைத் தள்ளியது. இன்ஜினில் உயிர் இருக்கிறது, சக்கரத்துக்குத்தான் போய்ச் சேரவில்லை என்று முடிவு செய்து பின்பக்கத்துக்குப் போனார். கிளட்ச் வழுக்குகிறதோ என்று மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் பட்டைகளை உப்புத்தாளால் தேய்த்தார். செயினில் ஒரு கண்ணியை எடுத்து இறுக்கினார், பல்சக்கரத்தை மண்ணெண்ணெயில் கழுவினார். கடைசியில் ஹெட்டையே கழற்றி பிஸ்டன் தலையில் இருந்த கரியைச் சுரண்டினார். சைலன்சர் இன்ஜினோடு சேர்கிற இடத்தில் புகை கசிகிறது என்று அந்த நட்டையும் முடுக்கினார். நான் அப்போது துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன், கையில் இருந்த உன் அப்பாவின் வேட்டி மண்ணில் விழுந்தது. அந்தக் குழாயின் மறுமுனை வரைக்கும் அவர் கை போகவில்லை. அது அவரே சுத்தம் செய்து மாட்டியது அல்லவா, அதில் குறை இருக்க முடியாது என்று அவருக்கு உறுதி.

ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் சூடு உள்ளே போகுமே என்று எனக்குப் பதறும். புகை வூட்டுக்குள்ள வருது, நிறுத்துங்க என்று கத்துவேன். ஒன்றிரண்டு தடவை அவரும் பொறுத்தார், பிறகு, நான் ஒரு வேலைய செய்யறதே உனக்குப் புடிக்கல இல்ல என்று முகம் வாடிக் கேட்டார். நம் ஜைன வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் அவருக்குச் சாப்பாடு போட்டுவிட வேண்டும் என்பது உனக்குத் தெரியாததா. ஒரு நாள் ஹெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இதோ வரேன் இதோ வரேன் என்று வெளிச்சம் போய்விட்டது. கையைக் கழுவிவிட்டு வந்து தட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், சரி போகட்டும் என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே கதை. வயிறு காய்ந்து அவர் புரண்டு புரண்டு படுப்பதைக் கேட்டபடி நானும் படுத்திருந்தேன். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். என் வாயிலிருந்து வரவில்லை.

காந்தி நகரில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் ராஜமாணிக்கத்தை அப்பா அழைத்தார். வேறு கை படவிடாதவர் தானே ஃபோன் செய்து அழைத்தார் என்றால் அவர் மனசு எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள். ராஜமாணிக்கம் சத்தத்தைக் கேட்டதும், நயினாரே, மூச்சு முட்டுது, சைலன்சர பாத்தியா என்றுதான் முதலில் கேட்டார். அப்பா, “போன மாசம் என் கையால கழட்டிச் சுட்டு மாட்டினேன் மாணிக்கம், அதுல எங்கேர்ந்து அடைப்பு வரும்” என்றார். அவர் சொன்னால் ராஜமாணிக்கத்துக்கு வேறு அத்தாட்சி வேண்டாம், அப்போ ரிங்கு தேஞ்சிருக்கும், இதுக்கு இப்ப சாமான் எங்க கெடைக்குது என்று தலையை ஆட்டினார். நான் இரண்டு டம்ளரில் மோரோடு நிலைப்படியில் நின்றிருந்தேன் மது. இருவரும் தொட்டும் தொடாமலும் அந்த இடத்துக்கு வந்துவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு, மோரைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன்.

அன்றைக்கு அப்புறம் அவர் வண்டிப் பக்கம் போகவில்லை. கடலை பிடுங்குகிற நேரம், பஸ்ஸில் போய் இறங்கி வெயிலில் நிலம் வரைக்கும் நடந்து, திரும்பி வரும்போது கால் வீங்கி வந்தார். மணியம்மாள் வீட்டு மிக்ஸி நின்றுவிட்டது என்று எடுத்து வந்தாள், எப்போதும் கையில் வாங்கும்முன்பே குலுக்கிப் பார்ப்பவர், கடையில குடும்மா, எனக்கு இதெல்லாம் முடியறதில்ல என்று சொல்லி அனுப்பினார். டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார், என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது. ஒரு மத்தியானம் என்னிடம், “கண்ண சரி பண்ணிட்டாங்க. காது போயிடுச்சு கனகா. வண்டிக்கு ஒண்ணும் ஆவல, எனக்குத்தான் ஆயிடுச்சு” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை. எழுந்து போய் அடுப்படியில் பாத்திரம் கழுவினேன், கழுவியதையே மறுபடி கழுவினேன். இல்லாத ஒரு குழந்தைக்காக, கண்ணெதிரே இருக்கிற மனுஷனை உடைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் சொல்லவில்லை, அதுதான் என்னால் தாங்க முடியாதது.

செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துப் பக்கம் பிரகாஷ் என்று ஒரு பிள்ளை காபிக்கடை வைத்திருக்கிறான், வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம் அங்கே ஜாஸ்தி. வெகுநாளாகவே அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம், சார் அந்த மொபெட்ட எனக்குக் குடுங்க, மஞ்சள் பெயின்ட் அடிச்சுக் கடை வாசல்ல வெச்சுக் கேரியர்ல பூச்செடி வைக்கிறேன், எல்லாரும் நின்னு போட்டோ எடுப்பாங்க என்று கேட்டுக்கொண்டிருந்தான். அப்பா அதைக் கேட்டு வீட்டுக்கு வந்து கோபமாகச் சிரிப்பார். அந்த அப்பாவே ஃபோன் செய்து, வந்து எடுத்துட்டுப் போப்பா, காசெல்லாம் வேணாம் என்று சொல்லிவிட்டார்.

போன புதன்கிழமை காலையில் பிரகாஷ் குட்டியானை லோடு வண்டியோடு வந்தான். அப்பா முன்கூட்டியே மொபெட்டைச் சந்திலிருந்து வாசலுக்கு உருட்டி வந்து துடைத்து வைத்திருந்தார். செயினுக்கு எண்ணெய் போட்டிருந்தார், ஓடாத வண்டிக்கு எதற்கு எண்ணெய். பிரகாஷ் முன்பக்கமும் டிரைவர் பின்பக்கமும் பிடித்துத் தூக்கப் போனார்கள், அப்பா வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். நான் போய்க் கேரியரைப் பிடித்துக்கொண்டேன். “சைலன்சருக்குள்ள குளவி கூடு கட்டியிருக்கு. அதான் ஓடல” என்றேன். அப்பா, உனக்கு எப்படித் தெரியும் என்றார். நீங்க கண்ணுல துணியோட படுத்திருந்தப்பவே தெரியும் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. என்னை ஒரு தரம் பார்த்தார், அந்தப் புதுக் கண்ணால், எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. பிறகு உள்ளே போய் ஸ்பானரை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தார்.

எனக்கு உண்மையிலேயே தெரியாது மது, சைலன்சர் தனியாகக் கழன்று வரும் என்று. அவர் கழற்றித் துடைத்ததை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன், ஆனால் அது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு நட்டைத் திருகினார், முழுக் குழாயும் கையோடு வந்துவிட்டது. வாலில் எட்டிப் பார்த்தார். நான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் அதை ஆடாமல் அசையாமல் எடுத்துப்போய் மழை படாதபடி தாழ்வாரத்துக்குள் இருக்கும் சன்ஷேடின் மேல் படுக்கவைத்தார். திரும்பி வந்து வெறும் இன்ஜினோடு பெடலை மிதித்தார். சைலன்சர் இல்லாத சத்தம் எப்படியிருக்கும், தெருவில் இருந்த அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள், மணியம்மாள், தீபத்துக்கு இப்பவே வெடியா என்றாள். அப்பா ஆக்சிலேட்டரைத் திருகினார், நிற்கவில்லை, பின்சக்கரம் சுற்றியது. பிரகாஷ் நல்ல பிள்ளை, வண்டியைக் கேட்காமலேயே, சார் நான் வரேன் என்று சிரித்துக்கொண்டு போய்விட்டான். அப்பா இன்ஜினை அணைத்துவிட்டு, “ரெண்டு நட்டு கனகா. மொத நாளே சொல்லியிருந்தா கழட்டி மேல வெச்சிட்டு, மாணிக்கம் கடையிலேர்ந்து வேற ஒண்ண மாட்டியிருப்பேன். குளவியும் இருந்திருக்கும், வண்டியும் ஓடியிருக்கும்” என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். உயிராச்சே, நீங்க குத்தி எடுத்துடுவீங்கன்னு பயந்தேன் என்றேன். அவர், நானா குத்தி எடுப்பேன் என்று மட்டும் கேட்டார். ஒரு எறும்புக்கு ஒதுங்கி நடக்கிற மனுஷனைப் பற்றி நான் அப்படி நினைத்தேன்.

அது பாதி உண்மைதானே. மீதியையும் அன்றைக்குச் சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே அவர் வயிறாரச் சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னேன், மணியம்மாள் சொன்னது, நான் தினமும் போய் நின்றது, உன் பெயரைச் சொன்னது எல்லாவற்றையும். கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. மதுவுக்குத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். மறுநாளிலிருந்து காலையில் ஸ்டூலைப் போட்டு ஏறி சன்ஷேடைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிக்கிறார், எதற்கு என்று கேட்டால், குழாய் துருப்பிடிக்குதா பாக்கறேன் என்கிறார்.

நேற்று காலையில் என்னைக் கூப்பிட்டார். கீழே இறக்கிக் காட்டினார். வாய்ப்பக்கம் இருந்த மண் அறைகள் சிலதில் துளை விழுந்திருந்தது, குளவிகள் பறந்து போயிருந்தன. உள்ளே தள்ளி இருந்தவை மூடியே இருந்தன, அவர் ஒரு விரலால் தொட்டதும் உதிர்ந்தன. உள்ளே இருந்ததெல்லாம் காய்ந்து கறுத்துப்போயிருந்தது. இன்ஜின் ஓடிய சூட்டில் வெந்துவிட்டது. காப்பாற்றுகிறேன் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேனே, அதனாலேயே போனது. நான் அழுதேன். அப்பாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது, இத்தனை நாள் வராதது. “அது அதோட புள்ளைக்குக் கட்டின கூடு. நமக்குச் சேதி சொல்ல வந்ததா அது? நீ யாருக்காவது நல்லது பண்ணணும்னா உடனே வாய மூடிக்கற. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கறதில்ல. தீக்ஷா வளைகாப்புக்கு மதுவ வர வேணாம்னு சொன்னியே, அதுவும் இதே மாதிரிதான்” என்றார். அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போய்விட்டார், நான் அந்தக் குழாயை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

உன் சித்தப்பா மகள் தீக்ஷாவுக்குத் தை பிறந்ததும் வளைகாப்பு. டிக்கெட் பார்க்கிறேன்மா என்று நீ சொன்னபோது நான்தான், எதுக்கு இவ்ளோ தூரம், லீவ வீணாக்காத, அடுத்த வருஷம் நிதானமா வா என்றேன். நீ சரிம்மா என்று ஃபோனை வைத்துவிட்டாய். கூடத்தில் பத்துப் பெண்கள் சேர்ந்தால் உன்னைப் பார்த்து என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும், அதிலிருந்து உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். நேற்று அங்கேயே உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். உன்னை நான் காப்பாற்றவில்லை. அவர்கள் கேட்கும்போது உன் பக்கத்தில் நிற்க எனக்குத்தான் தைரியம் இல்லை. நீ என்ன நினைத்தாயோ, அம்மாவுக்கு நான் வந்தால் தலைகுனிவு என்று நினைத்தாயோ, அப்படி நினைத்திருந்தால் அந்தப் பாவத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன்.

நேற்று மத்தியானமே அப்பா என்னை வண்டியில் பின்னால் உட்காரவைத்துத் தீக்ஷா வீட்டுக்கு அழைத்துப் போனார், ராஜமாணிக்கம் கொடுத்த பழைய சைலன்சரை மாட்டியிருக்கிறார், மேட்டில்கூட இழுக்கிறது. இதுவரைக்கும் அவளிடம், மது அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று பொய் சொல்லியிருந்தேன். நான்தான் வரவேண்டாம் என்றேன் என்று நேரிலேயே சொன்னேன். அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள், “பெரியம்மா, மொத வளையல அக்காதான் போடணும்னு நான் நெனச்சிட்டிருந்தேன். யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல, பிள்ளை பெத்தவங்கதான் மொதல்ல போடணும்னு சொல்லுவாங்களேன்னு சும்மா இருந்துட்டேன்” என்றாள். அவளும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நாங்கள் இருவரும் அழுதோம், அப்பா வெளியே போய் வண்டியின் செயினைப் பார்ப்பதுபோல் குனிந்து நின்றார்.

அதனால் நீ வர முடிந்தால் வா. வரப் பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல், எனக்கு நல்லது என்று நினைத்து மறைக்காதே. வந்தால் முதல் வளையலை நீதான் போடுகிறாய், யார் முகம் சுளித்தாலும் நான் உன் பக்கத்தில் நிற்பேன், கேட்பவர்களுக்கு, எனக்குத் தெரியாது, நான் அவளைக் கேட்கிறதில்லை என்று நானே பதில் சொல்வேன். மாப்பிள்ளைக்கு லீவு இல்லாவிட்டால் நீ மட்டும் வா. அங்கே மழையில் தலையை நனைத்துக்கொண்டு அலையாதே, வேலை வேலை என்று வெளிச்சம் போன பிறகு சாப்பிடுகிறாய் என்று தெரியும், முடிகிற நாளிலாவது முன்னால் சாப்பிடு. உருண்டையை அந்த வேலூர்ப் பெண்ணுக்கும் கொடு, டப்பாவில் பாதி அவளுக்கு என்றுதான் வைத்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு அப்பா மொபெட்டோடு வருகிறாராம், பெட்டியைக் கேரியரில் கட்டக் கயிறுகூட எடுத்து வைத்துவிட்டார்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடும் மன நிம்மதியோடும் இருக்க வேண்டும் என்று ஜினபகவானை வேண்டிக்கொள்கிறேன், உன் பெயரில் இது ஒன்றுதான் என் வேண்டுதல், இதை மட்டும் பொறுத்துக்கொள். டிக்கெட்டைப் பார்க்க மறக்காதே. வந்து இறங்கினாயா, சாப்பிட்டாயா, இந்த இரண்டைத் தவிர நான் உன்னிடம் எதுவும் கேட்கமாட்டேன்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
கனகமாலா